விற்ற நேரமும் விற்காத மனமும்

2009ஆம் ஆண்டின் இறுதியிலே, ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில், ஃபிடெலிட்டி என்னும் பெரும் நிதி நிறுவனம் தன் ஊழியர் நால்வரை வேலையினின்றும் நீக்கியது. அவர்கள் எவருடைய பணத்தையும் கையாடியவர்கள் அல்லர். கணக்கைத் திருத்தியவர்களும் அல்லர். 'கற்பனை உதைபந்தாட்டம்' என்ற விளையாட்டில் ஈடுபட்டு, நிறுவனத்தின் சூதாட்டத் தடை விதியை மீறினர் என்பதே அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம். காரியாலயக் கணனியிற் பதிவாகியிருந்த சிறு செய்திகளைக் காட்டியே தம்மை விசாரித்தனர் என்று நால்வருள் ஒருவர் பின்னர் பத்திரிகையாளரிடம் கூறினார். அச்செய்திகளுள் ஒன்று, குறித்த ஓர் ஆட்டக்காரர் எவ்வளவு மோசமாக ஆடுகிறார் என்பது பற்றி நண்பர் ஒருவர் அனுப்பியது. பந்தயத் தொகையோ தலைக்கு இருபது டொலர்.

சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய செய்தி என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் 2009 ஒக்டோபரில் அந்நாட்டிலே வேலையின்மை நூற்றுக்குப் பத்து என்ற அளவை எட்டியிருந்தது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மருத்துவக் காப்புறுதியும் வேலையோடு பிணைக்கப்பட்டிருக்கும் ஒரு நாட்டிலே, அவ்வாண்டில் வேலையை இழத்தல் வேடிக்கையன்று. அஃதன்றி, இச்சிறு சம்பவத்தினுள்ளே நம் காலத்தின் பெரிய வினா ஒன்று அடங்கியிருக்கின்றது. தன் நாளிற் சில மணி நேரத்தைக் கூலிக்கு விற்ற ஒருவன், அம்மணிகளுள்ளே தன் மனத்தையும் விற்றுவிட்டானா? அம்மனம் சற்று வேறு திசையிற் செல்லுமாயின், அது களவா? இவ்வினாவுக்கு விடை காணுமுன், அந்த விளையாட்டு யாது என்பதைச் சிறிது விளக்குதல் அவசியம்.

அமெரிக்கர் 'ஃபுட்போல்' என்று கூறுவது நாம் அறிந்த உதைபந்தாட்டமன்று. பெயரளவிலேதான் காலுக்கு அதில் இடம். பந்தை ஏந்துவதும் எறிவதும் கையே. கற்பனை ஆட்டத்திலே ஈடுபடுவோர் எவரும் பந்தைத் தொடுவதில்லை. எட்டோ பத்தோ பன்னிரண்டோ பேர் ஒன்றுகூடி, உண்மையில் ஆடும் ஆட்டக்காரரைத் தமக்குள்ளே முறைவைத்துப் பங்கிட்டுக் கொள்வர். ஒவ்வொருவருக்கும் ஒரு கற்பனைக் குழு. உண்மை ஆட்டத்திலே அவ்வாட்டக்காரர் பந்தோடு ஓடிய தூரமும் பெற்ற வெற்றிகளும் புள்ளிகளாக மாற்றப்படும். குழுவில் உள்ள எல்லாருடைய புள்ளிகளும் சேர்வதில்லை. இந்த வாரம் எவரைக் களமிறக்குவது, எவரை வெளியே இருத்துவது, எவரைக் கைவிட்டு எவரைச் சேர்ப்பது என்று வாரந்தோறும் தெரிவு செய்தல் வேண்டும். அத்தெரிவே விளையாட்டு. உண்மை ஆட்டங்களிற் பெரும்பாலானவை ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபெறுவதால், அவற்றைப் பார்ப்பது முதலாளியின் நேரத்தைத் தொடுவதில்லை. ஆனால், யாருக்குக் காயம், எந்த அணியின் தடுப்பு வலுவற்றது, எவர் புதிதாகக் கிடைக்கக்கூடும் என்ற யோசனைகளெல்லாம் செவ்வாய், புதன், வியாழனில் எழுபவை. அதாவது, காரியாலய நேரத்தில்.

இவ்விளையாட்டின் பிறப்பும் கவனிக்கத்தக்கது. 1962இல், ஓக்லாந்து ரெய்டர்ஸ் என்னும் அணியின் பங்குதாரர்களுள் ஒருவரான வில்பிரட் விங்கன்பாக் என்பவர், அணியோடு பயணஞ்செய்து நியூயோர்க் விடுதியொன்றிலே தங்கியிருந்தபோது சிலருடன் கூடி இதன் விதிகளை வகுத்தார். அடுத்த ஆண்டு எட்டுக் குழுக்களோடு முதற் போட்டி தொடங்கியது. உண்மையான அணியொன்றிற் பங்குடைய ஒருவரே கற்பனை அணியுரிமையையும் கண்டுபிடித்தார். அன்று பென்சிலும் தாளும் செய்தித்தாளின் புள்ளிவிபரங்களுமே கருவிகள். கணனிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட பின்னர், எட்டுப் பேரின் பொழுதுபோக்குக் கோடிக்கணக்கானோரின் பழக்கமாயிற்று. அதே கணனி இணைப்புத்தான் அவர்களைக் கண்காணிக்கும் கருவியும் ஆயிற்று.

ஆட்குறைப்புக்குள்ளானோருக்கு ஆலோசனை கூறும் அமெரிக்க நிறுவனமொன்று, இவ்விளையாட்டினால் தொழில் கொள்வோருக்கு ஏற்படும் நட்டத்தை ஆண்டுதோறும் மதிப்பிட்டு வெளியிட்டு வந்தது. 2014ஆம் ஆண்டுக்கு அது கூறிய தொகை 1,300 கோடி டொலருக்கும் மேல். இத்தொகை எவ்வாறு பெறப்பட்டது என்று நோக்கினால் நகைப்பே தோன்றும். விளையாடும் ஊழியர் எத்தனை பேர், வாரத்தில் எவ்வளவு நேரம் அதிற் செலவிடுவர், மணித்தியாலச் சம்பளம் எவ்வளவு என்ற மூன்றையும் பெருக்கிவிட்டால் நட்டம் வந்துவிடும். காரியாலயத்தில் அமர்ந்திருக்கும் மனிதனின் ஒவ்வொரு நிமிடமும், பஞ்சாலைத் தறியின் சுழற்சியைப்போல, ஒரே அளவான பயனைத் தருகின்றது என்பதே இக்கணக்கின் அடிப்படை. அன்றைய வேலையை மூன்று மணிக்கே முடித்துவிட்டு ஐந்து மணிவரை நாற்காலியிற் காத்திருக்கும் லிகிதர், இக்கணக்கில் யாரும் அறியாத ஒரு பிராணி. இத்தகைய மதிப்பீடுகளை வெளியிட்டவர்களே அவற்றைப் பெரிதும் பாரதூரமாகக் கொள்ளவில்லை; தலைப்புத் தேடிய பத்திரிகைகளே அவற்றைப் பரப்பின.

நாம் எழுப்பிய வினாவுக்கு இலகுவான விடைகள் இரண்டு உண்டு. முதலாளியின் விடை: நேரத்தை நான் விலைகொடுத்து வாங்கினேன், கணனியும் என்னுடையது, ஆகவே அதில் நிகழ்வன யாவற்றையும் பார்க்கும் உரிமை எனக்குண்டு. மற்றது, நம்மிற் பலருடைய வாயில் உடனடியாக எழும் விடை: முதலாளி நாள்தோறும் உபரி உழைப்பை எடுத்துக்கொள்கின்றான், தொழிலாளி அதிலே பத்து நிமிடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டால் அது களவாகாது. இரண்டாவது விடை நமக்கு இனிமையானது. இனிமையானது என்பதாலேயே அதனைச் சற்று ஐயத்தோடு நோக்குதல் நல்லது.

மேற்பார்வையின் வரலாற்றைப் புரட்டினால் ஓர் உண்மை புலனாகும். ஆங்கில நாட்டின் வடகிழக்கிலே பெரும் இரும்புத் தொழிற்சாலைகளை நடத்திய குரௌலி என்பவர், 1700ஆம் ஆண்டளவிலேயே தம் தொழிலாளருக்கெனத் தடித்ததொரு சட்டப்புத்தகம் எழுதிவைத்தார். மதுக்கடையிற் கழித்த நேரம், உறங்கிய நேரம், புகைத்த நேரம், பாடிய நேரம், செய்தித்தாள் வாசித்த நேரம், விளையாடிய நேரம் ஆகிய யாவும் கூலிக்குரிய நேரத்திலிருந்து கழிக்கப்படல் வேண்டும் என்பது அதிலுள்ள விதிகளுள் ஒன்று. இன்று கண்காணிப்பு மென்பொருள் 'பயனற்ற இணையத்தளங்கள்' என்று வகைபிரித்து வைத்திருக்கும் பட்டியலுக்கும் அப்பட்டியலுக்கும் எத்துணை ஒற்றுமை! முந்நூறு ஆண்டுகளின் பின்னரும் செய்தியும் விளையாட்டும் பாட்டுமே சந்தேகத்துக்குரியவை.

ஜெரமி பெந்தாம் வரைந்த வட்டச்சிறைத் திட்டத்தைப் பலரும் அறிவர். நடுவிலுள்ள கோபுரத்திலிருந்து ஒருவன் எல்லாரையும் காண்பான்; அவனை எவரும் காணார். ஆனால் அது முதலிற் சிறைக்கென எழுந்த எண்ணமன்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1780களில், இன்றைய பெலருஸ் நாட்டிலுள்ள கிரிச்செவ் என்னுமிடத்தில், பொத்தெம்கின் பிரபுவின் பண்ணையிலே தொழிலாளரை மேற்பார்வை செய்துவந்த அவருடைய தம்பி சாமுவேலின் மனத்தில் உதித்த எண்ணம் அது. வேலைத்தலத்துக்குப் பிறந்ததே பின்னர் சிறைக்குச் சென்றது.

கூட்டுறவின் தந்தை என்றும் பொதுவுடைமைச் சிந்தனையின் முன்னோடி என்றும் நாம் போற்றும் றொபேட் ஓவனும் இதற்கு விலக்கல்லர். ஸ்கொத்லாந்தின் நியூ லானார்க் பஞ்சாலையில் அவர் ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நான்கு பக்கமுள்ள சிறு மரக்கட்டை ஒன்றைத் தொங்கவிட்டார். கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என நான்கு நிறங்கள். நேற்றைய நடத்தை தீயதாயின் கறுப்பு முன்னே திரும்பும். மிகச் சிறந்ததாயின் வெள்ளை. ஆலையினூடே நடந்து செல்லும் ஓவன் ஒரு சொல்லும் பேசாது அந்நிறங்களைப் பார்த்துச் செல்வார். இதனைப் 'பேசாத கண்காணி' என்றனர். பிரம்படியும் வசையும் மலிந்திருந்த காலத்திலே இது கருணைமிக்க சீர்திருத்தம் என்பதை மறுப்பதற்கில்லை. கட்டையைத் திருப்பிய மேற்பார்வையாளன் அநியாயம் செய்தான் என்று கருதினால், தொழிலாளி ஓவனிடமே சென்று முறையிடவும் இடமிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிச் செல்கின்றேன். நம் மொழியின் 'கண்காணி' என்ற சொல்லே மலைநாட்டுத் தோட்டங்களிற் 'கங்காணி' என வழங்கி, ஆங்கிலத்திலும் புகுந்தது. கங்காணியின் கொடுமையை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. எனினும், கொழுந்துத் தராசின் முன்னே நின்று, நாளெல்லாம் நனைந்தும் 'அரைப்பேர்' மட்டுமே போடப்பட்ட பெண்ணுக்குத் தன்னைப் பார்க்கும் கண் யாருடையது என்பது தெரியும். அவனை ஏசலாம், அவனோடு வாதிடலாம், சங்கத்துக்குச் சென்று அவன் பெயரைச் சொல்லலாம். இன்றைய காரியாலயக் கண்ணுக்குப் பெயரில்லை.

இனி, இருபதாம் நூற்றாண்டின் தொழில் மேலாண்மைக்கு இலக்கணம் வகுத்த பிரெடெரிக் ரெய்லரிடம் வருவோம். 1911இல் வெளியான தமது நூலின் தொடக்கத்திலேயே அவர் விளையாட்டைப் பற்றிப் பேசுகிறார். அமெரிக்கத் தொழிலாளி பேஸ்போல் ஆடும்போதும், ஆங்கிலத் தொழிலாளி கிரிக்கெட் ஆடும்போதும், தம் அணியின் வெற்றிக்காக உடலின் நரம்புகள் அனைத்தையும் முறுக்கி உழைக்கின்றனர். அதே மனிதர் மறுநாள் ஆலைக்கு வந்ததும், தாம் செய்யக்கூடியதில் மிகக் குறைந்ததையே வேண்டுமென்று செய்கின்றனர் என்பது அவருடைய முறைப்பாடு. கூர்மையான அவதானம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கண்ட முதற் காரணம், அதிகம் உழைத்தால் வேலை குறைந்து தோழர் பலர் வேலையிழப்பர் என்ற தொழிலாளரின் 'தவறான' நம்பிக்கை. அது அத்துணை தவறான நம்பிக்கையா என்பதை ஆட்குறைப்புக்குள்ளான எவரும் கூறுவர். ஆனால் ரெய்லரின் எடுத்துக்காட்டிலேயே வேறொரு விடை மறைந்து கிடக்கின்றது. கிரிக்கெட் களத்திலே அந்தத் தொழிலாளி தானே தீர்மானிக்கின்றான். எப்பந்தை அடிப்பது, எப்பந்தை விடுவது, எப்பொழுது ஓடுவது என்பவற்றை அவனுடைய கண்ணும் அறிவும் முடிவு செய்கின்றன. ஆலையிலோ, தீர்மானிக்கும் வேலை முழுவதையும் தொழிலாளியிடமிருந்து எடுத்து மேலாளரின் மேசையில் வைக்கவேண்டும் என்பதே ரெய்லரின் திட்டம். மனிதனின் விருப்பார்வம் எங்கே குடியிருந்ததோ, அதையே பிடுங்கிவிட்டு, ஆர்வம் எங்கே என்று அவர் தேடினார்.

கற்பனை உதைபந்தாட்டத்தின் கவர்ச்சியை இங்கேதான் நான் விளங்கிக்கொள்கின்றேன். திரையில் வந்து விழும் விண்ணப்பங்களை, எழுதிக்கொடுத்த வசனங்களைக்கொண்டு, வரையறுத்த நிமிடங்களுள் முடித்து அனுப்பும் ஒருவரை எண்ணிப்பாருங்கள். நாள் முழுவதும் அவர் எதனையும் தீர்மானிப்பதில்லை. புதன்கிழமை மதியம், காயம்பட்ட ஓட்டக்காரனுக்குப் பதிலாக அனுபவமற்ற இளைஞன் ஒருவனைக் களமிறக்குவதா என்ற வினா எழுகின்றது. ஆதாரங்களை ஒப்பிடுகின்றார், நிகழ்தகவை எடைபோடுகின்றார், பிறர் கருத்தை மறுத்துத் தம் கருத்தின்வழிச் செல்கின்றார், ஞாயிறன்று அதன் விளைவைத் தாமே ஏற்கின்றார். மனிதப் பகுத்தறிவின் முழுத் தொழிலும் அந்தப் பத்து நிமிடத்துள் நிகழ்ந்துவிடுகின்றது. மென்பொருளின் ஏட்டிலோ அது 'பயனற்ற நேரம்' என்று பதியப்படுகின்றது.

ரெக்சாஸ் சம்பவத்தின் முரண் இன்னும் சுவையானது. அந்நிறுவனத்தின் தொழில் யாது? மக்களின் சேமிப்பைத் திரட்டி, எக்கம்பனியின் பங்கை வைத்திருப்பது, எதனைக் கைவிடுவது, எது அடுத்த பருவத்தில் ஏறும் என்று தெரிவு செய்வது அதன் பெருந்தொழில்களுள் ஒன்று. உயிரற்ற பங்குகளைக்கொண்டு கோடிகளில் ஆடினால் அது முதலீடு. இருபது டொலருக்கு ஆட்டக்காரரைக்கொண்டு ஆடினால் அது சூதாட்டம்! இத்தனைக்கும், இணையச் சூதாட்டத்தைக் கட்டுப்படுத்த 2006இல் இயற்றப்பட்ட அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், சில நிபந்தனைகளுக்குட்பட்ட கற்பனை விளையாட்டுக்களைத் தன் வரைவிலக்கணத்தினின்றும் விலக்கியிருந்தது. நாட்டின் சட்டம் விலக்கியதைக் காரியாலயத்தின் விதி விலக்கவில்லை.

இன்று அக்கண்காணிப்பு எத்துணை நுண்ணியதாகிவிட்டது என்பதைச் சில சம்பவங்கள் காட்டும். ஊழியரின் திரையைக் குறித்த இடைவெளிகளிற் படம் பிடிக்கும் மென்பொருள்கள் உண்டு. விசைப்பலகையில் விழும் தட்டுக்களை எண்ணுவன உண்டு. 2020 பெப்ரவரியில் லண்டனிலே பார்க்லேஸ் வங்கி, மேசையை விட்டு நீண்ட நேரம் அகன்ற ஊழியரை எச்சரிக்கும் ஏற்பாடொன்றைச் சோதித்து, எதிர்ப்பு எழுந்ததும் கைவிட்டது. அவ்வாண்டு இறுதியில் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் காரியாலயங்களுக்கு வழங்கிய 'உற்பத்தித்திறன் புள்ளி' என்னும் கருவியில் தனிநபரின் பெயர்கள் தெரிவதைப் பலர் கண்டித்தபின் அப்பெயர்களை நீக்கியது. 2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகை இயங்குவதுபோன்ற பொய்த்தோற்றத்தை உண்டாக்கினர் என்று பன்னிருவருக்கும் மேற்பட்டோரை நீக்கியது. ஊழியர் அங்கில்லாதபோதும் கணனிச் சுட்டியை அசைத்துக்கொண்டிருக்கும் சிறு கருவிகள் சந்தையில் விற்கப்படுகின்றன. இயந்திரம் இயந்திரத்தைக் கண்காணிக்கின்றது. இன்னோர் இயந்திரம் அதனை ஏமாற்றுகின்றது. வேலை என்பது இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ நின்றுவிட்டது. கையைக் கன்னத்தில் வைத்துச் சிந்திப்பவரை இக்கருவி சோம்பேறி என்று எழுதும். பொருளற்ற எழுத்துக்களை விடாது தட்டுபவரைப் பாராட்டும். அசைவை அளப்பது இலகு. உழைப்பை அளப்பது கடினம். கடினமானதை விட்டு இலகுவானதை அளந்து, அதற்கு உழைப்பு என்று பெயரிட்டுவிட்டனர்.

சட்டம் யார் பக்கம் நிற்கின்றது? அமெரிக்காவில் 1986இல் மின்வழித் தொடர்புகளின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டமொன்று இயற்றப்பட்டது. ஆயினும், ஊழியரின் சம்மதம் இருந்தால் அத்தடை நீங்கும் என்பதால், வேலையிற் சேரும் நாளில் இடப்படும் கையெழுத்தே பெரும்பாலும் அந்தச் சம்மதமாகிவிடுகின்றது. 1996இல் பென்சில்வேனியாவின் கூட்டாட்சி நீதிமன்றமொன்று விசாரித்த வழக்கு இன்னும் கசப்பானது. மின்னஞ்சல்கள் இரகசியமாகவே இருக்கும், அவற்றைக் காரணங்காட்டி எவரும் நீக்கப்படார் என்று நிறுவனம் உறுதியளித்திருந்ததாகவும், அதனை நம்பி எழுதிய அஞ்சல்களுக்காகவே தாம் நீக்கப்பட்டதாகவும் ஊழியர் ஒருவர் முறையிட்டார். உறுதி அளிக்கப்பட்டிருந்தாலும் அந்தரங்கத்தை எதிர்பார்க்க அவருக்கு நியாயமில்லை என்று நீதிமன்றம் தீர்த்தது.

ஐரோப்பாவில் காற்று சற்று வேறாக வீசியது. ருமேனியப் பொறியியலாளர் ஒருவர், வாடிக்கையாளரோடு தொடர்புகொள்வதற்கென நிறுவனத்தின் வேண்டுகோளின்படி திறந்த செய்திக்கணக்கில், தம் சகோதரரோடும் மணம்புரியவிருந்த பெண்ணோடும் உரையாடினார். 2007 யூலையில் ஒரு வாரத்துக்கு மேலாக அவை வேவுபார்க்கப்பட்டன. தனிப்பட்ட விடயம் எதனையும் எழுதவில்லை என்று அவர் கூறியபோது, நாற்பத்தைந்து பக்கங்களில் அவருடைய சொற்களே அச்சிடப்பட்டு அவர் முன் வைக்கப்பட்டன. உடல்நலம் பற்றியும் தாம்பத்தியம் பற்றியும் எழுதிய சொற்களும் அவற்றுள் இருந்தன. அவர் வேலை இழந்தார். பத்தாண்டு கழித்து, 2017 செப்டம்பர் 5ஆம் நாள், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேராயம் பதினொருவருக்கு அறுவர் என்ற பெரும்பான்மையில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தொழில் கொள்வோர் எத்தகைய விதியை எழுதிவைத்தாலும், வேலைத்தலத்தில் மனிதனின் தனிவாழ்வைச் சூனியமாக்கிவிட முடியாது என்பது அத்தீர்ப்பின் உட்கருத்து. அவர் பொய் சொன்னார் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. தன்னை எவரோ பார்த்துக்கொண்டிருக்கின்றனர் என்பதை முழுமையாக அறியாத ஒருவன், தன் காதலைப் பற்றி மேலதிகாரியிடம் உண்மை பேசக் கடமைப்பட்டவனா என்பது வேறு வினா.

இவ்விடத்தில் அந்த இனிமையான விடைக்குத் திரும்புவோம். முதலாளி சுரண்டுகின்றான், ஆகவே நிமிடங்களை எடுத்துக்கொள்ளல் நீதி என்று கூறிவிட்டால், அவசர நோயாளர் வண்டிக்கு அழைப்பு வாங்கும் இருக்கையில் அமர்ந்திருப்பவர் தம் கற்பனைக் குழுவைத் திருத்திக்கொண்டிருப்பதைப் பற்றி என்ன சொல்வோம்? ஆசிரியர்களாகிய நம்மவர் வகுப்பறையிலே கைத்தொலைபேசியை நோக்கிக்கொண்டிருப்பதைப் பற்றி என்ன சொல்வோம்? அங்கே தவறு நிகழ்கின்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்தவறு யாருக்கு எதிரானது என்று பார்க்க வேண்டும். கல்வித் திணைக்களத்தின் நிமிடம் திருடப்பட்டது என்பதற்காக அது தவறாகவில்லை. முன் வாங்கில் அமர்ந்து பதிலுக்குக் காத்திருந்த பிள்ளை கைவிடப்பட்டது என்பதற்காகவே தவறாகின்றது. அவ்வாறே ஒருவர் விளையாடிய நேரத்தின் சுமை பக்கத்து மேசையிலுள்ள தோழியின்மேல் இறங்குமாயின், அது அத்தோழிக்கு இழைத்த அநீதி. கடமை என்பது, காத்திருக்கும் மனிதனுக்கும் நமக்கும் இடையிலுள்ள உறவு. கடிகாரத்துக்கும் நமக்கும் இடையிலுள்ள உறவாக அதை மாற்றியது குரௌலியின் பரம்பரை.

இதனை முதலாளித்துவத்தின் தனிச்சொத்து என்று நாம் தப்பித்துக்கொள்ளவும் இயலாது. 1918இல் லெனின், ரெய்லர் முறையிலுள்ள விஞ்ஞானப் பகுதியைக் கற்றுப் பயன்படுத்த வேண்டுமென்று எழுதினார். அதனைப் புரட்சியின் பசிக்காலம் என்று விளங்கிக்கொள்ளலாம். ஆனால் 1940 யூன் 26ஆம் நாட் கட்டளையின்படி, இருபது நிமிடத்துக்குமேற் பிந்தி வந்த சோவியத் தொழிலாளி குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்தப்படலாயினான். ஆலை தொழிலாளருக்கே சொந்தம் என்று எழுதிவைத்த பின்னரும், அத்தொழிலாளியைப் பார்க்கும் கண்ணை அவனால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. உடைமை மாறினாற் கண் தானாகவே மாறிவிடும் என்று நாம் நம்பியிருந்தோம். இன்றும் நம்மிற் சிலர் நம்புகின்றனர்.

இதுவரை ஊழியரின் பக்கமே பேசினேன். அவருடைய திரையிலுள்ளதையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். அவர் அங்கே என்னவாக ஆகின்றார்? நாள் முழுவதும் அளக்கப்பட்டவர், அந்தப் பத்து நிமிடத்துக்கு அளப்பவராகின்றார். அவர் விரும்பித் தேர்ந்த வேடம் ஆட்டக்காரனுடையதன்று, உரிமையாளனுடையது. இந்த வாரம் இவன் போதிய புள்ளி தரவில்லை, கைவிடு. அவனுக்கு முழங்காலிற் காயம், வெளியே இருத்து. அக்காயம்பட்டவனின் இடத்துக்கு வருபவனை மற்றவர் காணுமுன் வாங்கு. ஆட்டக்காரரின் காயப்பட்டியல் வாரந்தோறும் வெளியிடப்படுகின்றது. கற்பனை உரிமையாளர் அதனைச் சந்தை விலைப்பட்டியல்போல வாசிக்கின்றனர். மேலதிகாரி தம்மை எக்கண்ணாற் பார்க்கின்றாரோ, அக்கண்ணையே அவர் இரவல் வாங்கி இன்னொரு தொழிலாளியைப் பார்க்கின்றார்.

ஆட்டக்காரர் தொழிலாளரா, பணக்காரர் அல்லரோ என்று கேட்பீர்கள். சிலர் பெருஞ்செல்வர், உண்மை. பலருடைய தொழில்வாழ்வு சில ஆண்டுகளில் முடிந்துவிடுகின்றது; ஒப்பந்தத் தொகையின் பெரும்பகுதிக்கு உத்தரவாதமின்மை அங்கு வழமை. தலையில் மீண்டும் மீண்டும் விழுந்த அடியினால் மூளை நோயுற்ற முன்னாள் ஆட்டக்காரர் ஆயிரக்கணக்கில் வழக்குத் தொடர்ந்தனர். 2014 முதல் அவர்களுடைய தோட்காப்புக்களில் மின்சில்லுகள் பொருத்தப்பட்டு, ஓடும் வேகமும் தூரமும் கணந்தோறும் பதியப்படுகின்றன. கண்காணிப்பின் முழுமையை லிகிதருக்கு முன்னரே அனுபவிப்பவர் அவர்கள். அவர்களிற் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 2017 ஓகஸ்டில் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி கற்பனை விளையாட்டுக்கென ஒரு நிகழ்ச்சி நடத்தியது. மேடையில் ஏலம் கூறுபவர் ஆட்டக்காரரின் பெயரைச் சொல்ல, பெரும்பாலும் வெள்ளையரான கூட்டம் விலை கேட்டது. அடிமைச் சந்தையின் நினைவு அந்நாட்டில் எவருக்கு எழாது? கண்டனம் எழுந்தது; நிறுவனம் மன்னிப்புக் கோரியது. ஆனால் ஏலமுறையிற் குழு அமைப்பது அவ்விளையாட்டிற் பன்னெடுங்காலமாக உள்ள ஒரு வழக்கமே. அன்று அது வெளிச்சத்தில் நடந்தது என்பதே வேறுபாடு.

ஆகவே விளையாட்டைத் தடைசெய் என்பதா? அல்ல. அக்கூட்டத்திலே நட்பு இருக்கின்றது. மேசைக்கு மேசை வாயடைத்து இருத்தப்பட்டவர்கள் திங்கட்கிழமை ஒருவரையொருவர் கேலி செய்துகொள்ள ஒரு காரணம் இருக்கின்றது. ஊழியர் ஒருவரோடொருவர் பேசுவதையே விரும்பாத காரியாலயத்தில் அது சிறு விடயமன்று. நான் கவலைப்படுவது, கண்காணிக்கப்படுவோர் அக்கண்ணை வெறுப்பதற்குப் பதிலாக அதன்மேல் ஆசைகொள்ளப் பழகுவதைப் பற்றித்தான். தீர்மானிக்கும் உரிமை தனக்கு வேண்டும் என்ற நியாயமான பசி, பிறரைத் தீர்மானிக்கும் உரிமை என்ற உணவைத் தின்று ஆறிவிடுகின்றது. அப்பசியைக்கொண்டு அவர் கேட்டிருக்கக்கூடிய வேறு வினாக்கள் பல. தம் வேலையின் அளவை வகுப்பது யார்? அவ்வேலையிலே என்ன அளக்கப்படுகின்றது? அளந்த ஏட்டைத் தாமும் பார்க்கலாகாதா? நியூயோர்க் மாநிலத்தில் 2022 மே முதல், மின்வழிக் கண்காணிப்பு நடைபெறுவதை ஊழியருக்கு எழுத்தில் முன்னறிவித்தல் தொழில் கொள்வோரின் கட்டாயக் கடமையாயிற்று. அறிவித்தால் போதும், நிறுத்த வேண்டியதில்லை. ஓவனிடம் சென்று முறையிட்ட பஞ்சாலைத் தொழிலாளிக்கு இருந்த வாயில்கூட அதில் இல்லை.

2023 ஜனவரி 2ஆம் நாள் திங்கட்கிழமை இரவு, சின்சினாற்றி நகரிலே பஃபலோ அணியைச் சேர்ந்த டமார் ஹம்லின் என்னும் இருபத்துநான்கு வயது இளைஞர், எதிரணியினர் ஒருவரைத் தடுத்து வீழ்த்திவிட்டு எழுந்து நின்றார். மறுகணம் இதயம் நின்று சாய்ந்தார். கற்பனைப் போட்டிகள் பலவற்றுக்கு அவ்வாரமே இறுதி வாரம். புள்ளிகளுக்காகத் திரையை நோக்கியிருந்தோர் மிகப்பலர். களத்திலே வைத்தியர் அவருடைய மார்பை அழுத்திக்கொண்டிருக்கையில், அவருடைய அணியினர் அவரைச் சூழ நெருங்கி வட்டமாக நின்றனர். எத்தனையோ ஒளிப்படக் கருவிகள் நோக்கிய அந்த அரங்கிலே, அவர் கிடந்த நிலையை எவரும் பார்க்காதபடி தம் உடல்களால் மறைத்தனர். ஹம்லின் பிழைத்தார், அடுத்த பருவத்தில் மீண்டும் களமிறங்கினார். அன்றிரவு நிறுத்தப்பட்ட ஆட்டம் பின்னர் ஆடப்படவேயில்லை.